கடைமடையில் ஒரு வாடகை வீடு

வேளச்சேரியில் வீடு பார்க்க 2006இல் போனபோது, தரகர் காட்டியதைவிடச் சொன்னதுதான் அதிகம். பறக்கும் ரயில் வரப்போகிறது, தரமணியில் இன்னும் பல கம்பெனிகள் வரப்போகின்றன, அப்புறம் இந்த வாடகைக்கு வீடு கிடைக்காது. "ரெண்டு வருஷம் பொறுத்துக்குங்க சார், இது இன்னொரு அடையாறு" என்றார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடந்தது. ரயில் வந்தது, கம்பெனிகள் வந்தன, வாடகையும் ஏறியது. அவர் சொல்லாமல் விட்டது, அந்த இடத்தில் ஏற்கனவே என்ன இருந்தது என்பதைத்தான். அதை நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தரமணியில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில். திருவான்மியூரில் கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு ரூ.5,000க்கு அமைந்தது. சென்னை வழக்கப்படி பத்து மாத முன்பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை.

வீடு பார்க்க அப்பாவும் கூட வந்திருந்தார். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். மற்றவர்கள் சமையலறையையும் குழாயையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் தெருவிலேயே நின்றார். பக்கத்து மனையில் ஆள் உயரத்துக்குச் சம்பு வளர்ந்திருந்தது. தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு வந்து, "இங்க விழுற தண்ணி எங்க போவுதுங்க?" என்று தரகரிடம் கேட்டார்.

"டிரைனேஜ் கனெக்‌ஷன் எல்லாம் வந்துடும் சார்."

"அது இல்லீங்க. மழைத் தண்ணி."

தரகருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அதே கட்டடத்தில் கீழ்வீடும் காலியாக இருந்தது, வாடகையும் ஐந்நூறு குறைவு. வண்டியை வாசலிலேயே நிறுத்தலாம் என்று கணவர் யோசித்தார். "மாடியிலயே இருங்க பாப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார். மாடிக்குப் போனோம்.

காவிரியின் கடைமடையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கண் தானாக வந்துவிடும். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். சில ஆண்டுகளில் வராமலே போகும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்கிற மழையோ அத்தனையும் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போகும். அடப்பாற்றில் கடல் தண்ணீர் எதிர்த்து நின்றால் வெள்ளம் வடியாது, நட்ட பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் கடைசியாக வந்து கடைசியாகப் போகும் ஊர் அது. அதனால் எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிற வீட்டில்கூட, வாசல் மேடா பள்ளமா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அன்றைய வேளச்சேரி எனக்குப் பிடித்துப்போனதற்கு அதன் அரைகுறைத்தன்மையும் ஒரு காரணம். விஜயநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினால், ஒரு பக்கம் புதிதாகக் கண்ணாடி போட்ட கடைகள், இன்னொரு பக்கம் எருமைகள். ஏ.ஜி.எஸ். காலனி, பேபி நகர், தண்டீஸ்வரம் நகர், புவனேஸ்வரி நகர் என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும். பலகைக்குப் பின்னால் பாதி மனைகளில் வீடு இருக்காது. மனை வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலை மண்ணடிப்பதுதான். லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டிச் சாலை மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அடி ஏற்றி அதன்மேல் கட்டுவார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சாலை போட வருகிறவர்கள், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வீடு கட்டுகிறவர் அந்தப் புதிய சாலைக்கு மேலே இரண்டடி ஏற்றுவார். எங்கள் கட்டடத்துக்கு நாங்கள் போனபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறவேண்டும். கிளம்பும்போது ஒரு படி மிச்சமிருந்தது. எதிர்வீடு எண்பதுகளில் கட்டியது. அவர்கள் வாசலிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போவார்கள். மழை வந்தால் நிலைப்படிக்குக் குறுக்கே சிமெண்டு மூட்டைகளை அடுக்குவார்கள். அந்த வீட்டம்மாவுக்கு அது தீபாவளிக்கு முறுக்குச் சுற்றுவதுபோல, வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கத் தொடங்கினேன். முதலில் காய்கறிக்காகத்தான். காந்தி சாலைப் பக்கம் போனால் கீரை மலிவு. பிறகு அங்கிருந்து தண்டீஸ்வரர் கோயில் வரை, அப்புறம் செல்லியம்மன் கோயில், யோக நரசிம்மர் கோயில் என்று நடை நீண்டது. எமன் தன் தண்டத்தை இழந்து, இங்கே வந்து வழிபட்டுத் திரும்பப் பெற்றான் என்பது தண்டீஸ்வரர் கோயிலின் தலபுராணம். அம்மனுக்குக் கருணாம்பிகை என்று பெயர். கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எனக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலைக்கு வந்த இடத்தில், 'இப்போதுதான் வளர்ந்துவருகிற ஏரியா' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், ஆயிரம் வருஷத்து எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தபோது, இந்த ஊரைத் தரகர் சொன்ன கணக்கில் வைத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள்தான் புதிதாக வந்தவர்கள். ஊர் ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது.

கோயில் வாசலில் பூ விற்ற பாட்டியிடம்தான் பாடம் தொடங்கியது. "இன்னா கண்ணு, எந்த ஊரு உனுக்கு?" என்றார். சொன்னேன். "ஓ, நெல்லு வெளையிற ஊரா? இங்கயும் வெளைஞ்சிதே" என்றவர், பூக்கட்டுவதை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனார். ஏரிக்குக் கீழே எல்லாம் கழனி. ஏரி நிரம்பினால் இரண்டு போகம். மதகைத் திறந்துவிட்டால், ராத்திரியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். "அதோ கீது பாரு, அந்த ஏசி கடை. அது எங்க களம். அங்கதான் நெல்லு தூத்துவோம்." நான் மாதச் சாமான் வாங்கும் கடை அது. அதற்குப் பிறகு அங்கே அரிசி வாங்கும்போதெல்லாம் காலுக்குக் கீழே இருந்த களத்துமேடு நினைவுக்கு வரும்.

எங்கள் டெல்டாவில் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு வரும். செங்கல்பட்டுச் சீமையில் அப்படியில்லை. காவிரிபோல நம்பியிருக்க ஆறு கிடையாது, மழையை ஏரியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் படிப்படியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் முடிகின்றன. ஆதம்பாக்கம் ஏரித் தண்ணீர் வீராங்கால் ஓடை வழியாக வேளச்சேரியைக் கடந்து அங்கேதான் போகிறது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு அந்தச் சதுப்பு நிலம்தான் வடிகால். அதிலிருந்து தண்ணீர் வெளியேற இருப்பது ஒக்கியம் மடுவு. அது வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளம் கழிமுகத்தில்தான் கடலைத் தொட வேண்டும். வரைபடத்தில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு தூரம் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது.

இது விளங்கியபோதுதான் அப்பாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஒரு கடைமடையிலிருந்து கிளம்பி இன்னொரு கடைமடைக்குத்தான் குடிவந்திருந்தேன். வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் என்கிறார்கள். இப்போது மிஞ்சியது சுமார் 55. போன இருநூறு ஏக்கரில் வீட்டுவசதித் திட்டம் இருக்கிறது, சாலை இருக்கிறது, பட்டா இல்லாத குடிசைகள் இருக்கின்றன, பட்டா உள்ள மாடிகளும் இருக்கின்றன. 'ஏரியை ஆக்கிரமித்தவர்கள்' என்று பேச்சு வரும்போது மட்டும், விரல் எப்போதும் குடிசைப் பக்கம்தான் நீளும். அங்கே குடியிருந்த அந்த ஆண்டுகளில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான்.

பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரிக்கு வந்தது. அதற்கு முன் கடற்கரையிலிருந்து திருவான்மியூரோடு நின்றுகொண்டிருந்த பாதை அது. நிலையங்கள் மிகப் பெரியவை. காலியான கூடங்களில் நம் செருப்புச் சத்தமே திரும்பக் கேட்கும். இரவில் தனியாக ஏறி இறங்கப் பெண்கள் பயந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அந்த ரயில் எனக்குக் கொடுத்ததை வேறு எதுவும் கொடுக்கவில்லை. பெருங்குடி நிலையத்தை ஒட்டி ஜன்னலில் சதுப்பு நிலம் விரியும். சம்பும் கோரையும் கண்ணுக்கெட்டும் தூரம் வரை. மார்கழி, தை மாதங்களில் காலை ரயிலில் போனால், தண்ணீர் திட்டுகளில் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நிற்கும். நீலத் தாழைக்கோழி சம்புக்குள்ளிருந்து சிவந்த அலகோடு வெளியே வந்து, தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துத் தின்னும். பிடுங்கிய தண்டை மனிதர் கையால் பிடிப்பதுபோல் ஒரு காலில் தூக்கிப் பிடித்துக் கடிக்கும் அழகை முதன்முதலில் பார்த்தபோது, இறங்கவேண்டிய தரமணியை விட்டுவிட்டேன்.

தெற்கே பல்லாவரம் செல்லும் ரேடியல் சாலைக்குக் கணவரோடு வண்டியில் போவேன். சதுப்பு நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் சாலை அது. ஒரு பக்கம் குப்பைமேடு புகைந்துகொண்டிருக்கும். காற்று திசை மாறிய இரவுகளில் அந்தப் புகை எங்கள் வீடு வரைக்கும் வரும், ஜன்னலை மூடினாலும் தொண்டை கரகரக்கும். அந்தப் புகைக்கு இந்தப் பக்கத்தில் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. பூநாரை எனக்குப் புதிதல்ல. எங்கள் கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி. ஊரில் அதைப் பார்க்க உப்பளம் தாண்டிச் சேற்றில் நடக்கவேண்டும். இங்கே சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க முடிந்தது. தமிழ்நாட்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் முதலில் இடம்பெற்றது கோடியக்கரை, 2002இல். பள்ளிக்கரணை அந்தப் பட்டியலுக்கு வர 2022 ஆயிற்று. அதற்குள் அந்தச் சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டது. சாலையும் குப்பைமேடும் குடியிருப்புகளும் அதன்மேல் வந்துவிட்டன. கடலை ஆராய்கிற தேசிய நிறுவனத்தின் வளாகமே தாம்பரம் சாலையில் அந்தச் சதுப்பை ஒட்டித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பறவையும் ஏரியும் மட்டும் பேசினால் வேளச்சேரிக்கு நான் நியாயம் செய்யாதவள் ஆவேன். அந்த ஊர் எங்களைப் போன்றவர்களுக்குச் செய்த உபகாரம் பெரிது. மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் வீடு கேட்டுப் போனபோது, முன்பணத்துக்கு முன்னால் வந்த கேள்வி "வெஜிடேரியனா?" என்பதுதான். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்காரரே பத்து வருஷத்துக்கு முன் வந்தேறியவர். மீன் பொரித்தால் மேல்வீட்டுக்கு வாசம் போகும், அவர் வீட்டில் பொரித்தால் கீழே எங்களுக்கு வரும். அவ்வளவுதான் விஷயம். விஜயநகரைச் சுற்றிப் பெண்கள் விடுதிகள் முளைத்தன. திண்டிவனம், அரியலூர், கோவில்பட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு இரவு பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கையேந்தி பவனில் நின்று முட்டை தோசை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் இருட்டிவிட்டால் வாசலைத் தாண்டாத பெண்கள் அவர்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஒரு தெருவில் இரவில் பெண்கள் நின்று சாப்பிட முடிகிறது என்பதைவிட, அந்தத் தெரு வளர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

2013 ஜனவரியில் ஃபீனிக்ஸ் மால் திறந்தது. திறப்பதற்கு முன்பான ஆண்டுகளில், சுற்றுவட்டாரத்துத் தகரக் கொட்டகைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளிகள் நிறைந்திருந்தார்கள். ஞாயிறு மாலையில் ஊருக்குப் பேச ரீசார்ஜ் கடை வாசலில் வரிசை நிற்கும். அவர்களுக்காகவே ஒரு தள்ளுவண்டியில் லிட்டி சோக்கா வந்தது. கரியில் சுட்ட கோதுமை உருண்டை, அதனுள்ளே வறுத்த கடலைமாவு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் மசியல். நான் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாக இருக்கும். மால் திறந்த பிறகு அந்த வண்டியைக் காணவில்லை. தொழிலாளிகள் அடுத்த கட்டடத்துக்குப் போனபோது அதுவும் கூடவே போயிருக்க வேண்டும்.

மால் வந்ததும் வாடகை துள்ளியது. பழைய ஓட்டுவீட்டுக்காரர்களைத் தேடி புரோமோட்டர்கள் வந்தார்கள். இடத்தைக் கொடுத்தால் கட்டி முடித்து இரண்டு ஃபிளாட் தருகிறோம் என்பது ஒப்பந்தம். பூக்காரப் பாட்டியின் மகன்களுக்கு ஆசை. பாட்டி அசையவில்லை. "நான் கண்ண மூடனதுக்கப்புறம் இன்னா வோணா பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

2015 டிசம்பர் 1 அன்று பிற்பகலில் தொடங்கிய மழை இரவு முழுக்க நிற்கவில்லை. மறுநாள் காலை வரைக்குமான இருபத்துநான்கு மணி நேரத்தில், தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. தாம்பரத்துப் பக்கத்து மழை கீழே இறங்கி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். மின்சாரம் போய்விட்டது, செல்போனும் போய்விட்டது. ஏரிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கணவரிடம், "இன்னும் வரும், மழை விட்டாலும் வரும்" என்றேன். நள்ளிரவில் கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், அவர் மனைவி, படுத்த படுக்கையாக இருந்த ஆசிரியரின் அம்மா. அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேராகத் தூக்கி மேலே கொண்டுவந்தோம். தண்ணீர் கறுப்பாக இருந்தது, சாக்கடையும் அதில் கலந்துவிட்டிருந்தது. விடியும்போது கீழ்வீட்டு ஜன்னலின் பாதிக்கு நின்றது. ஆசிரியரின் புத்தக அலமாரி உள்ளே சாய்ந்துகிடந்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட பிறகும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தெருவுக்குள் மீனவர்கள் வந்தார்கள், ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு. கடலில் போகிற படகை மின்கம்பிகளுக்கும் மதில்களுக்கும் இடையே லாகவமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு கர்ப்பிணியையும் இரண்டு முதியவர்களையும் ஏற்றிப் போனார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. ஆசிரியரின் அம்மா எங்கள் படுக்கையறையில் இருந்தார். ஒரே அடுப்பில் இரண்டு குடும்பத்துக்கும் கஞ்சி வைத்தோம். மொட்டைமாடித் தொட்டியில் இருந்த தண்ணீரைக் கட்டடம் முழுவதற்கும் குடம் கணக்கில் பங்கு போட்டோம். அதுவரை பெயர்கூடத் தெரியாத இன்னொரு வீட்டு அஸ்ஸாம் பையன்கள்தான் காவல் இருந்து பங்கிட்டார்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பாட்டியைப் பார்க்கப் போனேன். கோயிலை ஒட்டிய அவர் தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றிருந்தது, அதுவும் வடிந்துவிட்டது. பழைய ஊர்க்காரர்கள் நத்தத்தை மேட்டில் வைத்துக்கொண்டு, பள்ளத்தைக் கழனிக்கு விட்டிருந்தார்கள். நாங்களெல்லாம் கழனியில் குடியிருந்தோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பூ வரவில்லை, வேலை இல்லை. "தண்ணி அதோட எடத்த பாக்க வந்துச்சு, வேற இன்னா" என்றார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்கடுத்த ஆண்டுகளில் தெருவில் கீழ்வீடுகளுக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று. புதிதாகக் கட்டியவர்கள் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தம் மட்டும் வைத்தார்கள். ஆசிரியர் மாடம்பாக்கத்தில் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். நாங்கள் 2018இல் தாம்பரம் பக்கம் வீடு மாறினோம். மகனின் பள்ளிக்கூடம் ஒரு காரணம், ஏறிப்போன வாடகை இன்னொரு காரணம். வேளச்சேரியை விட்டேன் என்று சொல்ல முடியாது. இப்போதும் மாதத்துக்கு ஒருமுறையாவது போவேன். 2021இல் விஜயநகரில் மேம்பாலம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, ஐந்து ஃபர்லாங் சாலையில் கட்டுமானத்துக்குத் தோண்டிய பெரும் பள்ளம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். உடல்களை எடுக்கவே நாள்கணக்கில் ஆயிற்று. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். நாடு முழுக்க அந்தப் படம் போனது, பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரிலும் நாங்கள் மழைக்கு முன்னால் மாட்டை ஓட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போவோம், அதுதான் மேடு.

வேளச்சேரி வீட்டில் எனக்குச் சமையலுக்கு உதவ ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடிசை. 2015 வெள்ளத்தில் எல்லாமே போனது. அதற்குப் பிறகு கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் கொடுத்தார்கள். எட்டு மாடிக் கட்டடங்கள், ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். கொண்டுபோய் இறக்கியது அதே ஏரிச் சங்கிலியின் அடிவாரத்தில், சதுப்பு நிலத்தின் மறுகரையில். அவள் பிள்ளைகள் படித்த பள்ளி, வேலை பார்த்த வீடுகள், கணவன் மீன் வண்டி தள்ளிய தெருக்கள் எல்லாம் இந்தப் பக்கம். ரொம்ப நாள் வரைக்கும் விடிகாலை பேருந்து பிடித்து வேளச்சேரிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சம்பளத்தில் கால்பங்கு பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் போனது. ஒரு நகரம் வளரும்போது யாரை எவ்வளவு தூரத்துக்குத் தள்ளுகிறது என்பதை, அவளுடைய அந்தப் பயண நேரத்தில் பார்த்திருக்கிறேன். அதை வளர்ச்சிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

மிக்ஜாம் சமயத்தில் அவளுக்குப் போன் போட்டேன். "இங்கயும் வந்துடுச்சு அக்கா. கீழ் வீடுங்க எல்லாம் போச்சு" என்றாள்.

போன ஐப்பசியில் அவளைப் பார்க்கப் பெரும்பாக்கம் போனேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் பிளாக் வரைக்கும் நடந்தபோது, என் கால் தானாகவே தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி ஏறினேன். உள்ளே வரவேற்பறையில் புதிதாக ஒரு கட்டில், அதில் எனக்குத் தெரியாத ஒரு பாட்டி படுத்திருந்தார்.

"உங்க அம்மாவா?"

"இல்லக்கா, கீழ் வீட்டு ஆயா. போன வாட்டி தண்ணி வந்தப்ப ராவுல தூக்கியாறதுக்குள்ள உசுரே போச்சு. இந்த வாட்டி மழைக்கு முன்னாடியே கொண்டாந்துட்டோம். இந்த பிளாக்ல கீழ் வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் யார் யார் மேல எங்க எங்கனு பிரிச்சாச்சு. லிஸ்ட்டு நான்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லி, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.